மொரீஷியஸ் வீட்டு ஓவன்ல மெல்லுற பதத்துல இஞ்சி-பட்டை குக்கீஸ்: நாலு டிரே வீணாக்கினவன் எழுதுறது

எபேன்ல வேலை, கத்ர் போர்ன்ல வாடகை வீடு, ஊருல இருந்து வந்து ரெண்டு வருஷம் ஆகப் போகுது. போன வருஷம் ஆபீஸ்ல டீ டைம்ல கூட வேலை பாக்குறவங்க ஒருத்தங்க ஒரு டப்பா குக்கீ கொண்டு வந்தாங்க. ஓரம் மட்டும் லேசா மொறுமொறுப்பு, நடுவுல கமர்கட்டு பாதி இளகினா எப்படி இழுக்குமோ அப்படி ஒரு இழுவை, தொண்டையில சுக்கு காரம் மெதுவா ஏறுது. அன்னைக்கே ரெசிபி கேட்டு வாங்கிட்டேன், அவங்களும் ஒரு துண்டுப் பேப்பர்ல பிரெஞ்சுல எழுதிக் குடுத்துட்டாங்க, அங்கதான் என் கஷ்டகாலம் ஆரம்பிச்சுது.

முதல் டிரே சோப்பு மாதிரி கசந்துச்சு. ரெண்டாவது எல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி ஒரே அடையா பரவிருச்சு. மூணாவது கல்லு. நாலாவது மேல வேகல, அடியில கரி. அஞ்சாவதுதான் குக்கீன்னு சொல்ற மாதிரி வந்துச்சு. புதுசா இந்த ஊருக்கு வந்து, பிரெஞ்சும் தெரியாம, முன்ன பின்ன ஓவனும் தொடாம இருக்குறவங்க அந்த நாலு டிரேயையும் சுட வேண்டாம்னுதான் இதை எழுதுறேன்.

1. அளவை முதல்ல குறிச்சுக்கோங்க

இது சுமார் 20 குக்கீக்கு. மைதா 225 கிராம், உப்பில்லாத பட்டர் 125 கிராம், அடர் மஸ்கோவாடோ சர்க்கரை 160 கிராம், முட்டை 1, தேன் 2 டேபிள்ஸ்பூன், சமையல் சோடா 1 டீஸ்பூன் (தலை தட்டி), உப்பு கால் டீஸ்பூன், சுக்குப்பொடி 2 டீஸ்பூன், பட்டைப்பொடி ஒன்றரை டீஸ்பூன், கிராம்புப்பொடி கால் டீஸ்பூன், ஜாதிக்காய் ஒரு சிட்டிகை, மிளகுப்பொடி ஒரு சிட்டிகை. உருட்டிப் புரட்ட கொஞ்சம் டெமராரா சர்க்கரை. மஸ்கோவாடோ, டெமராரா ரெண்டும் கரும்புச் சர்க்கரை வகைதான், வித்தியாசத்தை 3வது தலைப்புல சொல்றேன்.

கப்பு கணக்குல எழுதுன ரெசிபியை நம்பி இறங்காதீங்க. அமெரிக்கக் கப்பு 240 மில்லி, நம்ம வீட்டு டம்ளர் எவ்வளவுன்னு யாருக்குத் தெரியும். மாவைக் கப்புல அமுக்கி அள்ளினா 30, 40 கிராம் கூடிப் போயிரும், கூடுன மாவுதான் என் மூணாவது டிரே கல்லானதுக்குக் காரணம். சின்ன டிஜிட்டல் தராசு ஒண்ணு வாங்கிருங்க, இந்த லிஸ்ட்ல யோசிக்காம காசு போட வேண்டிய சாமான் அது ஒண்ணுதான்.

சோப்பு கசப்பு எங்க இருந்து வந்துச்சுன்னா, பிரெஞ்சு ரெசிபியில 'குயியேர் ஆ காஃபே'ன்னு இருந்தா டீஸ்பூன், 5 மில்லி, 'குயியேர் ஆ சூப்'னு இருந்தா டேபிள்ஸ்பூன், 15 மில்லி. கையில எழுதுறவங்க முழுசா எழுத மாட்டாங்க, முதலெழுத்து மட்டும் போடுவாங்க, ரெண்டுக்கும் கடைசி எழுத்து மட்டும்தான் வித்தியாசம். நான் சோடாவை மூணு மடங்கு போட்டுட்டேன். நான் தாந்தின்னு கூப்பிடுற பக்கத்து வீட்டு அம்மா ஒரு கடி கடிச்சுட்டு என் முகத்தையும் குக்கீயையும் மாத்தி மாத்திப் பாத்தாங்க பாருங்க, அதை மறக்கவே முடியாது.

2. கடையில பாக்கெட்டைப் படிங்க, படத்தைப் பாத்து எடுக்காதீங்க

சூப்பர்மார்க்கெட்ல பாதி சாமான் பிரெஞ்சு லேபிள்தான். இந்த ஒரு தலைப்பு கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க, என் காசு போனது பூரா இங்கதான்.

சோடா: உங்களுக்கு வேணும்ங்கறது 'பிகார்பொனாத்', அதுலயும் 'அலிமான்தேர்'னு போட்டிருக்கணும், அதாவது சாப்பிடுற தரம். 'லெவ்யூர் ஷிமிக்'னு குட்டி குட்டிப் பாக்கெட்டா தொங்குறது பேக்கிங் பவுடர், அதைப் போட்டா குக்கீ கேக் மாதிரி உப்பி பஞ்சா வரும். வெறும் 'லெவ்யூர்'னா ஈஸ்ட், ரொட்டிக்கு. கடைசியா ஒண்ணு, கிளீனிங் சாமான் வரிசையில 'கிறிஸ்தோ து சூத்'னு வெள்ளையா ஒரு பாக்கெட் இருக்கும், அது துணி தோய்க்கிற வாஷிங் சோடா, வாயில வைக்கவே கூடாது. பேர்ல சோடான்னு இருக்கேன்னு எடுத்துராதீங்க.

மாவு: சாதா வெள்ளை மாவு போதும், கிரியோல்ல, அதாவது இந்த ஊர் பேச்சு மொழியில, 'லாஃபாரின்'னு கேளுங்க. பிரெஞ்சுப் பாக்கெட்டா இருந்தா தே 55, தே 45ன்னு நம்பர் இருக்கும், ரெண்டுமே சரி. ஆனா 'லெவ்யூர்'ங்கற சொல்லு மாவுப் பாக்கெட் மேலயும் இருந்துச்சுன்னா அது ஏற்கனவே பேக்கிங் பவுடர் கலந்த மாவு, அது வேண்டாம்.

பட்டர்: 'தூ'ன்னா உப்பில்லாதது, 'தெமி-செல்'னா உப்பு போட்டது. உப்பு போட்டதுதான் வீட்டுல இருக்குன்னா பரவாயில்ல, தனியா போடுற உப்பை விட்டுருங்க. டப்பாவுல விக்கிற மார்ஜரின் மட்டும் வேண்டாம். பாக்க பட்டர் மாதிரியே இருக்கும், விலையும் கம்மி, ஆனா ரொட்டியில தடவுற வகை நிறையத்துல தண்ணி ஜாஸ்தி, என் ரெண்டாவது டிரே அடையானதுல அதுக்குப் பெரிய பங்கு உண்டு.

மசாலா: சந்தையில கேட்டா பட்டைக்கு 'கனெல்', கிராம்புக்கு 'ஜிரோஃப்', ஜாதிக்காய்க்கு 'மிஸ்காட்'. போர் லூயி (போர்ட் லூயிஸ்) சென்ட்ரல் மார்க்கெட்ல டூரிஸ்ட்டுக்குன்னு கலர் கலரா கட்டி வச்சிருக்குற மசாலாப் பாக்கெட்டை விட்டுட்டு, முழுசா வாங்கி மிக்ஸியில அடிச்சுக்கோங்க, வாசனை அடுத்த வீட்டுக்குப் போகும். சுக்கை அடிச்சா கண்டிப்பா சலிக்கணும், நாரு பல்லுல சிக்கும். 'கத்ர் எப்பீஸ்'னு ஒரு பொடி இருக்கு, நாலு மசாலான்னு அர்த்தம், அதுல பொதுவா மிளகு, கிராம்பு, ஜாதிக்காய், சுக்குதான் இருக்கும், பட்டை இருக்காது. அதை மட்டும் போட்டு சுட்டா ரசப்பொடி குக்கீ சாப்பிடுற மாதிரி இருக்கும். சொன்னது அனுபவம்.

டிரேல விரிக்கிற பேப்பர்: 'பப்பியே க்விஸோன்'தான் ஓவனுக்கு. மெழுகு பூசுன பேப்பர் சூட்டுல புகை விடும்.

3. சர்க்கரையில மட்டும் கஞ்சத்தனம் பண்ணாதீங்க

வெளிநாட்டு ரெசிபி எல்லாத்துலயும் மொலாஸஸ்னு ஒண்ணு கேப்பாங்க. நான் அதைத் தேடி மூணு சூப்பர்மார்க்கெட் ஏறி இறங்கினேன், கிடைக்கல. ஜன்னலைத் திறந்தா கரும்புத் தோட்டம், சர்க்கரை ஆலையில மிஞ்சுற அந்தப் பாகு கடையில இல்லன்னா எப்படின்னு தலையைப் பிச்சுக்கிட்டு இருந்தப்ப தாந்திதான் சிரிச்சுக்கிட்டே சொன்னாங்க, பாகைத் தனியா எதுக்கு தேடுற, சர்க்கரைக்குள்ளயே இருக்கேன்னு.

விஷயம் என்னன்னா, வெள்ளைச் சர்க்கரையில இருந்து அந்தக் கரும்பாகைப் பிரிச்சு எடுத்துருவாங்க, அடர் மஸ்கோவாடோவுல அது அப்படியே இருக்கும். தொட்டுப் பாத்தா கடற்கரை ஈர மண்ணு மாதிரி கையில ஒட்டும், மோந்து பாத்தா கருப்பட்டி ஞாபகம் வரும். அந்தப் பாகுதான் ஈரத்தைப் பிடிச்சு வச்சுக்கும், சர்க்கரை ஆறினதும் மறுபடி கட்டியா உறையாம தடுக்கும், அதனாலதான் குக்கீ மறுநாளும் மெல்லுற பதத்துல இருக்கு. அதுல இருக்குற புளிப்புத்தன்மை சோடாவோட சேந்து மாவை லேசா உப்பவும் வைக்குது. தேன் 2 ஸ்பூன் அதே இழுவைக்குத்தான்.

இங்க தயாராகுற சர்க்கரையிலயே பல வகை இருக்கு, கலரைப் பாத்து ஏமாறாதீங்க. டெமராரா பழுப்பா இருக்கும் ஆனா மணி மணியா காஞ்சது, உள்ள போட்டா மொறுமொறுன்னு வரும், மேல புரட்டத்தான் லாயக்கு. பாக்கெட் மேல வெறும் 'ரூ'ன்னு, அதாவது பழுப்புன்னு மட்டும் போட்டிருக்குறதும் அப்படித்தான், காஞ்ச சர்க்கரை. மஸ்கோவாடோவுலயே லைட், டார்க் ரெண்டு உண்டு, டார்க்தான் எடுக்கணும். சாதா சர்க்கரையை விட விலை நல்லாவே கூட, ஆனா அரை கிலோ பாக்கெட் மூணு தடவைக்கு வரும். வித்தியாசம் பிடிபடலன்னா ஒரு லீவு நாள்ல பம்ப்ளெமூஸ் பக்கம் போ ப்லான்ல பழைய சர்க்கரை ஆலையை மியூசியமா மாத்தி வச்சிருக்காங்களே, அங்க போங்க, சுத்தி முடிச்சதும் விதவிதமான சர்க்கரையை ருசி பாக்கக் குடுப்பாங்க, நாக்குக்கே தெரிஞ்சுரும்.

ஊர்ல இருந்து கொண்டு வந்த நாட்டுச்சர்க்கரை இருந்தா அதுவும் ஓடும். காஞ்சு போயிருந்தா ஒரு ஸ்பூன் தேன் கூட விடுங்க, அவ்வளவுதான்.

4. ஓவன், பிளக்கு, ரசீது

பெரிய ஓவன் தேவையில்ல, 30 லிட்டர் மேசை ஓவன் போதும், ஒரு டிரேல 6, 7 குக்கீ வைக்கலாம். நான் பட்ட பாடு பிளக்குல. வீட்டுச் சுவர்ல இருந்தது மூணு சதுரக் கம்பி பிரிட்டிஷ் சாக்கெட், ஓவன்ல வந்தது பிரெஞ்சு உருண்டைக் கம்பி பிளக், நான் மொபைல் சார்ஜருக்கு வச்சிருந்த சின்ன அடாப்டரைச் சொருகிட்டேன். 1500 வாட் இழுக்குற சாமான் அது. இருபது நிமிஷத்துல பிளாஸ்டிக் கருகுற வாசனை. 13 ஆம்பியர் தாங்குற தரமான அடாப்டர் வாங்குங்க, இல்லன்னா எலெக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு பிளக்கையே மாத்திருங்க, வாரண்டி போகுமான்னு கடையில கேட்டுட்டு. ரசீதை வாங்கின அன்னைக்கே போட்டோ எடுத்து வைங்க, அந்தப் பளபளப் பேப்பர்ல எழுத்து சில மாசத்துல மங்கிரும், மங்கின ரசீதைக் கொண்டு போனா வாரண்டி கேக்குறதுக்குள்ள வாய் வலிக்கும்.

கரண்ட் செலவு பயப்படுற அளவுக்கு இல்ல. சூடேத்த 15 நிமிஷம், மூணு டிரே சுட 35 நிமிஷம்னு வச்சுக்கிட்டா ஒரு மணி நேரத்துக்கு உள்ளதான், அதிகபட்சம் ஒன்றரை யூனிட், நடுநடுவுல ஓவன் தானா அணைஞ்சு எரியுறதால அதுக்கும் கம்மியாதான் ஆகும்.

ஓவன் டயல்ல 180ன்னு இருந்தா உள்ளயும் 180ன்னு நம்பாதீங்க. கம்பியில தொங்கவிடுற ஓவன் தெர்மாமீட்டர் ஒண்ணு வாங்கிப் போட்டுப் பாத்தேன், என் ஓவன் 180ல வச்சா 205 காட்டுச்சு! அடி கருகினதுக்கு அதான் காரணம், அது போக கீழ்க் கம்பியை மட்டும் எரிய விடுற இடத்துல குமிழைத் திருப்பி வச்சிருந்தேன். மேல கீழ ரெண்டும் எரியுற குறி இருக்கும், அதுல வைங்க. 'ஷலேர் தூர்னான்த்'னு போட்டிருந்தா ஃபேன், அதுல வச்சா 20 டிகிரி குறைச்சுக்கோங்க. கேஸ் ஓவன்ல நம்பர் 4ன்னா சுமார் 180.

5. மாவு பிசையுறது (20 நிமிஷம்)

பட்டரை உருக்கி ஆற விடுங்க, விரல் வச்சா வெதுவெதுப்பு, அவ்வளவுதான், சூட்டோட முட்டையை ஊத்தினா பொரியல் ஆயிரும். ஆறினதுல மஸ்கோவாடோவைப் போட்டு கட்டி உடைச்சு நல்லா கலக்குங்க, பிறகு முட்டை, தேன். இன்னொரு பாத்திரத்துல மாவு, சோடா, உப்பு, மசாலா எல்லாம் சேத்து ரெண்டு தடவை சலிங்க, சோடா ஒரு இடத்துல கட்டியா நின்னா அந்த ஒரு குக்கீ மட்டும் கசக்கும், அது கரெக்டா விருந்தாளி கைக்குத்தான் போகும். ரெண்டையும் சேத்து வெள்ளை மாவு கண்ணுக்குத் தெரியாத வரைக்கும் மட்டும் கரண்டியால கிளறுங்க. சப்பாத்தி மாவு மாதிரி அழுத்திப் பிசையாதீங்க, பிசைய பிசைய இறுகும்.

இப்ப பாத்தா இவ்வளவு இளகலா இருக்கேன்னு தோணும். மாவு கூட்டணும்னு கை துறுதுறுக்கும். கூட்டாதீங்க.

6. ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது, இதைத் தாண்டிப் போக முடியாது

பட்டர் மறுபடி இறுகணும், மாவு ஈரத்தைக் குடிக்கணும், இல்லன்னா ஓவனுக்குள்ள போனதும் ஓடிரும். எவ்வளவு நேரம்ங்கறது நீங்க எந்த ஊர்ல இருக்கீங்கங்கறதைப் பொறுத்தது. க்யூர்பிப், வாக்வா மாதிரி மேட்டுல ஜூலை குளிர்ல ஒரு மணி நேரம் போதும். போர் லூயி, கிராண்ட் பே பக்கம் ஜனவரியில ரெண்டு மணி நேரம் வச்சாலும் உருட்டி முடிக்கிறதுக்குள்ள கையில ஒட்டும், அதனால ராத்திரி பிசைஞ்சு மூடி வச்சு காலையில சுடுறதுதான் நல்லது, மசாலாவும் நல்லா ஊறும். நான் வெள்ளிக்கிழமை ராத்திரி பிசைவேன், சனிக்கிழமை சந்தைக்குப் போய்ட்டு வந்து சுடுவேன்.

புயல் சீசன்ல, நவம்பர்ல இருந்து மே பாதி வரைக்கும், எச்சரிக்கை வந்திருக்குற நாள்ல ஓவனைப் பத்த வைக்காதீங்க. கரண்ட் பாதியில போச்சுன்னா அந்த டிரே அம்போதான். உருட்டி ஃப்ரீஸர்ல போட்டுருங்க.

7. சுடுறது (ஒரு டிரே 10 நிமிஷம்)

சின்ன எலுமிச்சம்பழம் சைஸுல, 30 கிராம் உருண்டையா உருட்டி டெமராராவுல புரட்டி, உருண்டைக்கு உருண்டை 5 சென்டிமீட்டர் விட்டு வைங்க. தட்டையா அமுக்க வேண்டாம், அதுவே உக்காந்துரும். ஓவன் உண்மையா 180 ஆனதும் நடுத்தட்டுல.

முதல்ல ஒரே ஒரு குக்கீயை மட்டும் சுட்டுப் பாருங்க. சோம்பேறித்தனமா இருக்கும், ஆனா அந்த ஒண்ணுலயே உங்க ஓவன் குணம் தெரிஞ்சுரும், மீதி 19ம் தப்பிக்கும். ரொம்ப ஓடுச்சுன்னா மீதியை இன்னும் அரை மணி ஃப்ரிட்ஜ்ல போடுங்க. ஓடவே இல்ல, உருண்டையாவே நிக்குதுன்னா மாவு கூடிருச்சு, மீதி உருண்டைகளைக் கையால லேசா அமுக்கிட்டு வைங்க.

9வது நிமிஷத்துல இருந்து கண்ணாடி முன்னாடியே நில்லுங்க. ஓரம் இறுகியிருக்கும், மேல வெடிப்பு விட்டிருக்கும், வெடிப்புக்குள்ள பாத்தா ஈரமா, வேகாத மாதிரி பளபளன்னு இருக்கும். அந்த நேரத்துல எடுத்துரணும். நம்ம கை நிக்காது, வேகல, இன்னும் ரெண்டு நிமிஷம்னு மனசு சொல்லும், முறுக்கு, தட்டைன்னு சிவக்க சிவக்கப் பொரிச்சுப் பழகுன கையில்ல. அஞ்சாவது டிரே அன்னைக்கு தாந்தி என் சமையக்கட்டுல ஸ்டூல் போட்டு உக்காந்துக்கிட்டு "திர் லி ஆஸ்தெர்! திர் லி!"ன்னு கத்தினாங்க, இப்பவே எடுடான்னு அர்த்தம். பச்சையா இருக்கே தாந்தின்னு நான் சொல்லி முடிக்கிறதுக்குள்ள துணியைப் பிடிச்சு அவங்களே வெளிய இழுத்துட்டாங்க.

எடுத்ததும் டிரேயை மேடையில ஒரு தட்டு தட்டுங்க, உப்பினது அமுங்கி வெடிப்பு அழகா வரும். அப்படியே டிரேலயே 5, 6 நிமிஷம் விடுங்க, டிரே சூட்டுலயே நடு வெந்துரும். சூட்டுல கையால எடுத்தா உடையும். நடுவுல எப்ப இழுவை வரும்னா முழுசா ஆறின பிறகுதான், அதனால சூடா ஒண்ணைப் பிச்சுத் தின்னுட்டு மாவா இருக்கேன்னு திரும்ப ஓவனுக்குள்ள தள்ளாதீங்க. மூணாவது டிரேயை நான் அப்படித்தான் தள்ளினேன். மாவு கூட இருந்ததோட இதுவும் சேந்துக்கிச்சு.

8. எடுத்து வைக்கிறது

முழுசா ஆறினப்புறம் இறுக்க மூடுற டப்பாவுல, மேல ஒரு துண்டு ரொட்டி போட்டு வச்சா அஞ்சு நாள் பதம் மாறாது. கொஞ்சம் காஞ்சாலும் ரொட்டியில இருந்து ஈரத்தை இழுத்துக்கும். எறும்பு விஷயத்துல ஜாக்கிரதை, இந்த ஊரு எறும்புக்கு மஸ்கோவாடோ வாசனை அரை கிலோமீட்டர் தெரியும் போல, சர்க்கரைப் பாக்கெட்டையும் திறந்ததும் டப்பாவுக்கு மாத்திருங்க. ஃப்ரீஸர்ல போட்ட உருண்டை ரெண்டு மாசம் வரும், இளக விடாம நேரா ஓவன்ல வச்சு ரெண்டு நிமிஷம் கூட விடுங்க.

செலவு கணக்கு கேப்பீங்க. 250 கிராம் பட்டர்ல ரெண்டு தடவை, அரை கிலோ மஸ்கோவாடோவுல மூணு தடவை, ஒரு கிலோ மாவுல நாலு தடவை. மசாலா ஒருதரம் வாங்கினா மாசக்கணக்குல ஓடும். காசை அதிகம் தின்னுறது பட்டர்தான், ஆஃபர் போட்டப்ப நாலஞ்சு வாங்கி ஃப்ரீஸர்ல போட்டுக்கோங்க.

9. காவடி மாசத்துக்கு முட்டை இல்லாம

தைப்பூசக் காவடிக்கு முன்னாடி பத்து நாள் விரதம் இருக்குற வீடுகளுக்கு முட்டை போட்டதைக் குடுக்க முடியாது, குடுத்துட்டு அப்புறம் நாக்கைக் கடிச்சுக்கக் கூடாது. முட்டைக்குப் பதிலா பால் 3 டேபிள்ஸ்பூன் விடுங்க. கொஞ்சம் தட்டையா வரும், ஓரம் கூட மொறுமொறுப்பா இருக்கும், இழுவை ஒரு படி குறையும். தயிர் போட்டுப் பாத்தேன், சோடாவோட சேந்து உப்பி கேக் மாதிரி ஆயிருச்சு, எனக்குப் பிடிக்கல, தாந்திக்குப் பிடிச்சுது. விரத வீட்டுக்குக் கொண்டு போறதுன்னா டிரே, கரண்டி எல்லாம் கறி, மீன் படாததா இருக்கான்னு பாத்துக்கோங்க, அதைக் கேப்பாங்க.

10. விக்கலாமான்னு கேட்டா

ரெண்டு டப்பா ஆபீஸ்ல காலியானதும் எனக்கும் அந்த ஆசை வந்துச்சு. சாப்பாட்டுச் சாமான் செஞ்சு விக்கிறதுன்னா இங்க சுகாதார அமைச்சுல உணவு கையாளுறவங்களுக்கான சான்றிதழ் வாங்கணும். அதை விட முக்கியம், நம்மள மாதிரி வேலை அனுமதியில வந்தவங்களுக்கு எந்த வேலைக்கு அனுமதியோ அந்த வேலை மட்டும்தான், பக்கத்துல ஒரு வியாபாரம் ஆரம்பிச்சு விசாவுல சிக்கல் இழுத்துக்காதீங்க, முதல்ல உங்க கம்பெனி ஹெச்சார்ல கேட்டுருங்க. நான் கேட்டேன், வேண்டாம்னுட்டாங்க. அதனால இப்ப சனிக்கிழமை சுடுறதுல பாதி தாந்தி வீட்டுக்கு, பாதி திங்கக்கிழமை டீ டைமுக்கு.